சைக்கிள் காயமும் மலைப்பாதை ஓட்டமும்

மலைப்பாதை ஓட்டத்துக்குத் தயாராகும் பலர் பயிற்சியின் ஒரு பங்கைச் சைக்கிளில் முடிக்கிறார்கள். மூட்டுகளை அதிரவைக்காமல் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் நீண்ட நேரம் வேலை கொடுக்க அது நல்ல வழி. அந்தப் பயிற்சியே சில சமயம் காயத்தையும் கொண்டுவருகிறது. சறுக்கி விழுந்ததில் இடுப்பிலும் முழங்கையிலும் சிராய்ப்பு, ஹேண்டில்பார் இடித்ததில் தொடையில் ரத்தக்கட்டு, கையூன்றி விழுந்ததில் மணிக்கட்டு வலி, இருக்கை உயரம் தவறியதால் முழங்கால் வலி என்று பட்டியல் நீளும். இவற்றில் பெரும்பாலானவை சிறு காயங்களே. போட்டி நெருங்கிவிட்ட நிலையில் அந்தச் சிறு காயம் மலைப்பாதையின் சுமையை எப்போது தாங்கும் என்பதே ஓட்டக்காரரின் கவலை.

இந்தக் கவலை கூர்மையாகத் தெரியும் இடம் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள லெட்வில். கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் பழைய சுரங்க ஊர் அது. அருகிலிருந்த பெரிய மாலிப்டினம் சுரங்கத்தில் வேலைகள் பறிபோன காலத்தில், ஊருக்கு ஆள்வரத்தை உண்டாக்க, கென் க்ளோபர் என்ற சுரங்கத் தொழிலாளி 1983இல் 100 மைல் மலை ஓட்டத்தைத் தொடங்கினார். 1994இல் 100 மைல் மலைச்சைக்கிள் போட்டியும் சேர்ந்தது. ஆகஸ்டில் சைக்கிள் போட்டி முடிந்த மறுவாரமே ஓட்டம் நடக்கிறது. ஒரே கோடையில் இரண்டையும் முடிக்க வேண்டிய ‘லெட்மேன்’ தொடரில் இறங்குபவர், சைக்கிளில் பட்ட காயத்தோடு 100 மைல் ஓடலாமா என்பதை ஏறக்குறைய ஒரு வாரத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். மற்ற இடங்களில் அவகாசம் கூடக் கிடைக்கலாம். முடிவு செய்யும் முறை எங்கும் ஒன்றுதான்.

இருவகைச் சுமை

சைக்கிளில் உடல் எடையை இருக்கை, ஹேண்டில்பார், பெடல் மூன்றும் பங்கிட்டுக்கொள்கின்றன. கால் ஒரே வட்டத்தில், மாறாத கோணங்களுக்குள் சுழல்கிறது. தொடைத்தசை சுருங்கியபடி விசை தருகிறது. ஓட்டத்தில் ஒவ்வோர் அடிக்கும் முழு உடலும் ஒற்றைக்காலில் இறங்குகிறது. சமதளத்தில் மிதமான வேகத்தில் ஓடும்போதே தரையிலிருந்து காலுக்கு வரும் எதிர்விசை உடல் எடையைப்போல் 2 முதல் 3 மடங்கு இருக்கும். இறக்கத்தில் நிலைமை இன்னும் கடுமை. ஜிங்கர் காட்ஷால், ராட்ஜர் கிராம் இருவரும் 2005இல் வெளியிட்ட ஆய்வின்படி, 9 பாகைச் சரிவில் இறங்கி ஓடுகையில் பாதம் மோதும் விசையின் உச்சம் சமதளத்தைவிட 54 சதவீதம் அதிகம். உடலைப் பின்னிழுத்துத் தடுக்கும் விசையின் உச்சம் 73 சதவீதம் அதிகம்.

இறக்கத்தில் தொடையின் முன்தசை நீண்டுகொண்டே உடலைத் தாங்கிப் பிடிக்கிறது. பழக்கமில்லாத தசையில் இந்த வேலை நுண்ணிய சிதைவுகளை உண்டாக்குகிறது; வலி ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்தை எட்டுகிறது. சைக்கிள் மிதிப்பதில் இத்தகைய வேலை அநேகமாக இல்லை. கல்லும் வேருமான பாதையில் கணுக்காலும் இடுப்பின் பக்கத்தசைகளும் ஒவ்வோர் அடியிலும் சமநிலையைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். தடுமாறினால் கைகள் உடனே நீள வேண்டும். லெட்வில் ஓட்டத்தில் ஏறத்தாழ 3,840 மீட்டர் உயரமுள்ள ஹோப் கணவாயைப் போகும்போதும் வரும்போதுமாக இருமுறை கடக்க வேண்டும். அதன் நெடிய இறக்கங்களுக்குச் சைக்கிள் பயிற்சி கால்களைத் தயார் செய்வதில்லை.

ஆகவே, வலியில்லாமல் சைக்கிள் மிதிக்க முடிவதை மட்டும் வைத்து ஓட்டத்துக்குத் தேறிவிட்டதாகக் கொள்ள முடியாது. தொடை ரத்தக்கட்டும் முழங்கால் பக்கவலியும் சைக்கிளில் அடங்கியிருந்து, முதல் இறக்கத்தில் தலைதூக்கும். இதற்கு மறுபக்கமும் உண்டு. இருக்கைப் புண்ணோ, ஹேண்டில்பாரை நெடுநேரம் அழுத்தியதால் சுண்டுவிரலில் வந்த மரப்போ சைக்கிளைத் தடுக்கும். ஓட்டத்தைப் பெரும்பாலும் தடுக்காது. காயத்தை எடைபோட வேண்டிய தராசு, அடுத்து வரவிருக்கும் வேலைதான்.

முதலில் விலக்க வேண்டியவை

சிறு காயம் என்று தள்ளிவிடுமுன், சிறு காயம்போலத் தோன்றும் பெரிய காயங்கள் இல்லையென்று உறுதி செய்ய வேண்டும். முதலாவது தலை. தலையில் அடிபட்டபின் தலைவலி, குமட்டல், மந்தம், வெளிச்சம் கூசுதல், நினைவுத் தடுமாற்றம் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் மூளை அதிர்ச்சியாகக் கருதி மருத்துவரைப் பார்ப்பது முறை. நினைவு தப்பியிருந்தால்தான் மூளை அதிர்ச்சி என்ற எண்ணம் தவறானது. 2022இல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய வல்லுநர் மாநாட்டின் அறிக்கை 2023இல் வெளியானது. முதல் ஓரிரு நாட்கள் அளவான ஓய்வு, பிறகு ஆறு படிகளாக விளையாட்டுக்குத் திரும்புதல் என்பது அதன் வழிகாட்டல். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது 24 மணி நேரம் ஒதுக்க வேண்டும். அறிகுறிகள் முற்றிலும் நீங்கிய பிறகே பின்படிகளுக்குப் போகலாம். அந்தக் கணக்கில், ஒரு வாரத்தில் நடக்கும் நீண்ட ஓட்டத்துக்கு அநேகமாக இடமே இல்லை.

இரண்டாவது மணிக்கட்டு. கையூன்றி விழுந்தவருக்குக் கட்டைவிரலின் அடியில், புறங்கைப் பக்கம் தெரியும் சிறு பள்ளத்தை அழுத்தினால் வலித்தால், படகெலும்பு முறிந்திருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் இந்த முறிவு தெரியாமல் போவது உண்டு. எனவே சந்தேகம் இருந்தால் கையை அசையாமல் கட்டி, 10 முதல் 14 நாட்களில் மறுபடி படமெடுப்பார்கள். இந்த எலும்புக்கு ரத்த ஓட்டம் குறைவு. கவனிக்காமல் விட்டால் கூடாமலே போய்விடக்கூடும்.

மூன்றாவது வயிறு. ஹேண்டில்பாரின் முனை வயிற்றில் குத்தினால் வெளியே சிறு கன்றல் மட்டும் தெரியலாம். உள்ளே மண்ணீரல், கல்லீரல், கணையம் அடிபட்டிருக்கலாம். கூடிக்கொண்டே போகும் வயிற்று வலி, காரணமின்றித் தோளில் தெரியும் வலி, வாந்தி, மயக்கம் ஆகியவை மருத்துவமனைக்கு உடனே போக வேண்டிய அறிகுறிகள். முழங்காலுக்கு, கனடாவின் ஒட்டாவாவில் 1990களில் உருவான எளிய விதிகள் உதவும். வயது 55 அல்லது அதற்கு மேல் இருந்தாலோ, முழங்காற்சில்லில் மட்டும் தொடுவலி இருந்தாலோ, வெளிப்புறச் சிற்றெலும்பின் தலைப்பகுதி வலித்தாலோ, முழங்காலை 90 பாகை மடக்க முடியாவிட்டாலோ, நான்கு அடி நடக்க முடியாவிட்டாலோ எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்கின்றன அவை. இடுப்பில் விழுந்தபின் கால் ஊன்ற முடியாமல் போனாலும் அதே எச்சரிக்கை பொருந்தும்.

முதல் நாட்களின் மருத்துவம்: மாறிவந்த கருத்துகள்

அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கின் 1978இல் எழுதிய நூல், ஓய்வு, ஐஸ், அழுத்தக்கட்டு, உயர்த்திவைத்தல் என்ற நான்கையும் ஆங்கில முதலெழுத்துகளால் இணைத்த ‘ரைஸ்’ முறையைப் பரப்பியது. பல பத்தாண்டுகள் விளையாட்டு மைதானங்களில் அதுவே வேதவாக்கு. பின்னாளில் மிர்கினே ஐஸும் முழு ஓய்வும் காயம் ஆறுவதைத் தாமதப்படுத்தக்கூடும் என்று தம் கருத்தை மாற்றிக்கொண்டார். 2012இல் வந்த ‘போலீஸ்’ முறை, ஓய்வு என்ற சொல்லின் இடத்தில் ‘அளவான சுமை’யை வைத்தது. 2019இல் பிளேஸ் துபுவா, ழான்-பிரான்சுவா எஸ்கூலியே இருவரும் முன்வைத்த ‘பீஸ் அண்ட் லவ்’ முறை ஐஸை அடியோடு விட்டுவிட்டது. முதல் நாட்களில் அழற்சி எதிர்ப்பு மாத்திரைகளையும் தவிர்க்கச் சொன்னது.

இந்த மாற்றத்துக்கு அடிப்படை, அழற்சியைப் பற்றிய பார்வை மாறியதே. வீக்கமும் வெம்மையும் பழுதுபார்க்கும் வேலையின் தொடக்கம். முதல் சில நாட்களில் சிதைந்த திசு அகற்றப்படுகிறது. அடுத்த வாரங்களில் புது நார்கள் பின்னப்படுகின்றன. அவை சுமையின் திசைக்கேற்ப ஒழுங்காவது மாதக்கணக்கில் நடக்கிறது. சுமையே இல்லாவிட்டால் நார்கள் தாறுமாறாக அமையும்; சுமை மீறினால் புதுப்பின்னல் அறுபடும். நடைமுறையில் இதன் சாரம் எளியது. முதல் இரண்டு மூன்று நாட்கள் காயத்தைக் காத்து, கட்டுப்போட்டு, உயர்த்திவைத்து, வலி கூடாத அளவுக்கு அசைத்துக்கொண்டிருக்க வேண்டும். அதன் பிறகு நாளுக்கு நாள் கொஞ்சம் கூடுதல் வேலை கொடுக்க வேண்டும். வலியை மரக்கச் செய்ய ஐஸைச் சிறிது நேரம் வைப்பதில் பெரிய தீங்கில்லை. அதுவே காயத்தை ஆற்றிவிடும் என்று நம்ப இடமில்லை.

காயத்துக்குக் காயம்

சிராய்ப்பில் முதல் வேலை கழுவுவது. சுத்தமான ஓடும் தண்ணீரே போதும். மண்ணும் தார்த்துகளும் தோலுக்குள் தங்கினால் பச்சை குத்தியதுபோல் நிரந்தரக் கறை ஆகிவிடும். காப்பித்தூளும் மஞ்சள்தூளும் அப்பும் வழக்கம் காயத்தை மூடி மறைக்கிறதேயன்றி அழுக்கை எடுப்பதில்லை. காற்றாட விட்டுப் பொருக்குத் தட்டவைப்பதும் பழைய பழக்கம். 1962இல் ஜார்ஜ் வின்டர் இளம் பன்றிகளிடம் செய்த ஆய்வில், பாலித்தீன் படலத்தால் மூடி ஈரம் காத்த காயங்களில் புதுத்தோல் ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் படர்ந்தது. ஈரம் காக்கும் இன்றைய கட்டுகளுக்கு வழிவகுத்தது அந்த ஆய்வு. மண் பட்ட காயத்துக்கு, கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்டு 5 ஆண்டுகள் கடந்திருந்தால் மறுஊசி தேவை. இந்தியாவின் தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் 2019 முதல் பழைய டிடி ஊசியின் இடத்தில், தொண்டை அடைப்பான் நோய்க்கும் சேர்த்துப் பாதுகாப்புத் தரும் ஊசி வந்திருக்கிறது.

சிராய்ப்பு ஓட்டத்தைத் தடுப்பது அரிது. அது இருக்கும் இடம்தான் தொல்லை. இடுப்பில் ஓட்டப்பையின் வார் உரசும், தொடையில் காற்சட்டை உரசும், வியர்வை கட்டை நனைக்கும். லெட்வில் பாதையில் ஹோப் கணவாயின் அடிவாரத்தில் ஓடையை நேரடியாகக் கடக்க வேண்டியிருக்கிறது. காலில் கட்டு இருந்தால் அது நனையாமல் தப்பாது. போட்டிக்குப் போடப்போகும் அதே கட்டோடும் பையோடும் ஒருமுறை நீண்ட நேரம் ஓடிப் பார்த்துவிடுவது நல்லது. சுற்றிலும் சிவந்து, வெம்மை கூடி, சீழ் கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ ஓட்டத்தைப் பற்றி யோசிக்கும் கட்டம் தாண்டிவிட்டது.

தொடை ரத்தக்கட்டுதான் ஓட்டக்காரருக்கு மிகவும் ஏமாற்றம் தருவது. தசை எலும்போடு நசுங்கி உள்ளே ரத்தம் கசிகிறது. காயத்தின் அளவை முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்பதை வைத்து மதிப்பிடுவார்கள்: 90 பாகைக்கு மேல் மடங்கினால் லேசானது, 45க்கும் 90க்கும் இடையே நடுத்தரம், 45க்கும் கீழே கடுமையானது. வெஸ்ட் பாயின்ட் ராணுவக் கல்லூரி மாணவர்களைப் பற்றி 1991இல் வெளியான ஆய்வில், லேசான அடிக்கே சராசரியாக 13 நாட்கள் பிடித்தன. அமெரிக்கக் கடற்படைக் கல்லூரியில் வேறு வழி கையாண்டார்கள். அடிபட்ட பத்து நிமிடங்களுக்குள் முழங்காலை 120 பாகை மடக்கிக் கட்டி 24 மணி நேரம் அப்படியே வைத்தார்கள். அங்கே சராசரி 3.5 நாட்கள் என்று 2006இல் பதிவாயிற்று. இரண்டும் தனித்தனி ஆய்வுகள் என்பதால் நேரடி ஒப்பீடு கூடாது. ஆயினும் தசையை நீட்டிய நிலையில் வைத்து ரத்தம் தேங்குவதைக் குறைப்பது பயன் தரும் என்பதற்கு இது வலுச் சேர்க்கிறது. எண்ணெய் தேய்த்து நீவுவதும் சூடான ஒத்தடமும் முதல் நாட்களில் கூடாது. கசிவு பெருகுவதோடு, தசைக்குள் எலும்புபோலச் சுண்ணம் படிந்து மாதக்கணக்கில் முடக்கவும் கூடும்.

தோள், விலா, மணிக்கட்டுக் காயங்களைக் கால்களோடு தொடர்பில்லாதவை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். கொலராடோவின் ஹார்ட்ராக் 100 மைல் ஓட்டத்தில் 2017இல் மலை ஓட்டக்காரர் கிலியன் ஜோர்னெட் தொடக்கப் பகுதியிலேயே விழுந்து தோள் மூட்டு பிசகியும் கையைக் கட்டித் தொங்கவிட்டபடி ஓடி வென்றார். ஒரு கை இல்லாமலும் கால்கள் ஓடும் என்பதை அது காட்டியது. அதைப் பொதுவிதியாக எடுத்துக்கொள்ள முடியாது. மலையில் வாழ்ந்து பழகிய அவருக்கு இருந்த சமநிலை மற்றவர்களுக்கு இருப்பதில்லை. ஆறாத தோளில் மறுபடி விழுந்தால் சிறு காயம் அறுவை சிகிச்சை வரை போகும். விலா அடி வேறுவகை. ஒவ்வொரு மூச்சும் வலிக்கும். ஏற்றத்தில் ஆழ்ந்து மூச்சிழுக்க முடியாமல் போகும். குணமாகப் பல வாரங்கள் பிடிக்கும். ஊன்றுகோல்களோடு ஓடுபவர் மணிக்கட்டு அவற்றைத் தாங்குகிறதா என்று முன்பே சோதிக்க வேண்டும்.

விழாமலே வரும் காயங்களில் முழங்கால் வலி முதலிடம் பெறுகிறது. இருக்கை தாழ்ந்திருந்தால் முழங்காலின் முன்பக்கமும், மிக உயர்ந்திருந்தால் பின்பக்கமும் வலிப்பது வழக்கம். பெடல் அடியில் இருக்கும்போது முழங்கால் 25 முதல் 35 பாகை வரை மடங்கியிருப்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. வெளிப்பக்க வலி பெரும்பாலும் இடுப்பிலிருந்து முழங்காலுக்குக் கீழே வரை ஓடும் நார்ப்பட்டையைச் சேர்ந்தது. முழங்கால் சுமார் 30 பாகை மடங்கும் நிலையில் அது அதிகம் உறுத்தும். மெதுவாக இறங்கி ஓடும்போது ஒவ்வோர் அடியும் அந்த நிலையில்தான் விழுகிறது. இத்தகைய வலிக்குச் சைக்கிள் இருக்கையைத் திருத்துவதும், இடுப்பின் பக்கத்தசைகளை வலுப்படுத்துவதும், இறக்கங்களைச் சில வாரங்கள் குறைப்பதும் மருந்து. மாத்திரை காரணத்தைத் தொடுவதில்லை.

ஓய்வில் எவ்வளவு இழப்பு

காயம்பட்டவரை அவசரப்படுத்துவது, பயிற்சி வீணாகிவிடும் என்ற அச்சம். எட்வர்ட் கோய்ல் குழுவினர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், நன்கு பயிற்சி பெற்றவர்கள் முழுமையாகப் பயிற்சியை நிறுத்தியபோது உடல் உச்ச அளவில் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் முதல் 21 நாட்களில் 7 சதவீதம் குறைந்தது. 56 நாட்களுக்குப் பிறகு 16 சதவீதக் குறைவில் நிலைத்தது. ஒரு வார ஓய்வின் இழப்பு சிறிதே. அதோடு, போட்டிக்கு முந்தைய இரண்டு வாரங்களில் பயிற்சி அளவை 41 முதல் 60 சதவீதம் குறைத்து வேகத்தை மட்டும் தக்கவைப்பது நல்ல பலன் தருகிறது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டுக் கட்டுரை காட்டியது. கடைசி இரு வாரங்களில் வந்த சிறு காயம், எப்படியும் குறைக்க வேண்டிய பயிற்சியைத்தான் பறிக்கிறது.

நீண்ட இடைவெளி தேவைப்பட்டால் மாற்று வழிகள் உண்டு. மிதவைப் பட்டை கட்டி ஆழ்ந்த நீரில் ஓடுவது, 4 முதல் 6 வாரங்கள் வரை ஓட்டத்திறனைக் காத்துத் தருவதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. திறந்த புண் இருக்கும்வரை குளம் கூடாது. காயம் அனுமதித்தால் அசையாச் சைக்கிளும் ஏற்றப்பாதையில் விரைவு நடையும் உதவும். இவை எதுவும் இறக்கத்துக்கான தசைப்பழக்கத்தைத் தருவதில்லை. ஒருமுறை இறங்கி ஓடிய பழக்கத்தின் பாதுகாப்பு தசையில் சில வாரங்கள் தங்கும்; ஆகவே காயத்துக்கு முன்பே அத்தகைய பயிற்சி செய்திருந்தவர் நல்ல நிலையில் இருக்கிறார். உணவைக் குறைப்பதும் தவறு. திசு கட்டியெழுப்பப் புரதமும் ஆற்றலும் வழக்கம்போல் தேவை. ஓடவில்லையே என்று பட்டினி கிடப்பது காயம் ஆறுவதைத் தள்ளிப்போடும்.

ஓட்டத்துக்குத் திரும்பும் படிகள்

நாட்காட்டியைவிடச் செயல்திறனே நல்ல அளவுகோல். அரைமணி நேரம் நொண்டாமல் விரைந்து நடக்க முடிய வேண்டும். படியில் ஒற்றைக்காலால் நிதானமாக இறங்க முடிய வேண்டும். காயம்பட்ட காலில் நின்று சமநிலை காக்கவும், தொடர்ந்து துள்ளவும் மற்றக் காலைப்போலவே முடிய வேண்டும். பிறகு நடையும் ஓட்டமும் மாறிமாறிச் செய்யலாம். வரிசை முக்கியம். முதலில் சமதளம், அடுத்து ஏற்றம், அதன் பின் மென்மையான இறக்கம், கடைசியில் கற்பாதை இறக்கம். ஏற்றத்தில் மோதல் குறைவு என்பதால் அது முன்னே வருகிறது. நேரத்தையும் செங்குத்தையும் ஒரே நாளில் கூட்டக்கூடாது.

வலியை வழிகாட்டியாக வைக்கும் முறையை ஸ்வீடன் ஆய்வாளர்கள் வகுத்தார்கள். ரோலாண்ட் தோமே 1997இல் முழங்கால் வலிக்கும், கரின் சில்பர்னாகல் 2007இல் குதிநாண் வலிக்கும் அதைப் பயன்படுத்தினார்கள். 0 முதல் 10 வரையுள்ள அளவில் 5 வரை வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அது அடங்க வேண்டும். வாரத்துக்கு வாரம் வலியும் விறைப்பும் கூடக்கூடாது. அதிகப் பயன்பாட்டால் வரும் நாட்பட்ட வலிகளுக்காக உருவான விதி இது. புதிய ரத்தக்கட்டுக்கும் சுளுக்குக்கும் இதைவிடக் குறைந்த வரம்பு நல்லது. எலும்புமுறிவு சந்தேகத்துக்கு இது பொருந்தவே பொருந்தாது.

போட்டி முடிவு

போட்டிக்கு நான்கு வாரங்களுக்கு மேல் இருந்தால், பெரும்பாலான சிறு காயங்கள் ஆறிப் பயிற்சியின் முக்கியப் பகுதியும் மீளும். இரண்டு முதல் மூன்று வாரங்கள் இருந்தால் முதல் வாரத்தைக் காயம் ஆறுவதற்கும் மிச்சத்தைப் படிப்படியான திரும்புதலுக்கும் விட்டு, ஒரே ஒரு நடுத்தர நீள ஓட்டத்தில் இறக்கத்தைச் சோதிக்கலாம். ஒரே வாரம்தான் என்றால் நீண்ட சோதனைக்கு இடமில்லை. மேலே சொன்ன செயல்திறன்கள் போட்டிக்கு மூன்று நாட்கள் முன்பே கைகூடியிருக்க வேண்டும். கைகூடாதவருக்குக் குறைந்த தூரப் பிரிவுக்கு மாறுவது, அடுத்த ஆண்டுக்குப் பதிவைத் தள்ளுவது, விலகுவது ஆகிய வழிகள் உள்ளன. மருத்துவ உதவி பல மணி நேரத்துக்கு அப்பால் இருக்கும் மலைப்பாதையில், நடக்க முடியாமல் போகும் ஓட்டக்காரர் மீட்புக் குழுவினரையும் ஆபத்தில் இழுக்கிறார்.

வலிமாத்திரையை நம்பித் தொடக்கக் கோட்டில் நிற்பது மோசமான சமரசம். சிலி, சீனா, ஈக்வடார், இலங்கை ஆகிய நாடுகளில் நடந்த 250 கிலோமீட்டர் பல்நாள் ஓட்டங்களின் 80 கிலோமீட்டர் கட்டங்களில் 89 பேரிடம் செய்த ஆய்வு 2017இல் வெளியானது. இபுபுரோபென் எடுத்தவர்களில் 52 சதவீதத்தினருக்கும், வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 34 சதவீதத்தினருக்கும் சிறுநீரகத் திடீர்க் கோளாறு காணப்பட்டது. நீண்ட ஓட்டமே சிறுநீரகத்தை வருத்துகிறது; மாத்திரை அதைக் கூட்டக்கூடும். வலியை மறைப்பதால் காயம் மோசமாவதும் தெரியாமல் போகிறது.

ஓட முடிவு செய்தவர், காயம் எந்த அறிகுறியைக் காட்டினால் எந்த உதவி முகாமில் நிற்பது என்பதை முன்கூட்டியே எழுதி உடன்வருபவரிடம் கொடுத்துவிடலாம். நொண்டல் தொடங்குவது, வலி 5ஐத் தாண்டி இறங்காதது, மூட்டு வீங்குவது ஆகியவை போதிய காரணங்கள். இறக்கங்களில் குறுகிய அடிகளும் ஊன்றுகோலும் காயம்பட்ட காலின் சுமையைக் குறைக்கும். போட்டி முடிந்தபின் காயம் புதிதாகப் பட்டதுபோலவே சில நாட்கள் கவனிக்கப்பட வேண்டும், ஏனெனில் புதுநார்கள் முழு வலிமை பெற இன்னும் மாதங்கள் இருக்கின்றன. சைக்கிளுக்குத் திரும்புமுன் அடிபட்ட ஹெல்மெட்டை வெளியில் விரிசல் தெரியாவிட்டாலும் மாற்ற வேண்டும். ஹேண்டில்பார், பிரேக், இருக்கை உயரம் மூன்றையும் சரிபார்க்க வேண்டும். காயத்தின் காரணம் சைக்கிளிலேயே இருந்தால், அதைத் திருத்தும்வரை மருத்துவம் முடிந்ததாகாது.